மின்னணு வெண்பலகையும் சங்கத்தின் தீர்மானப் புத்தகமும்

பெரிய அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் சுவரிலே பொருத்தப்பட்ட அகன்ற ஒளித்திரை ஒன்றை நம் அங்கத்தினர்களுள் சிலர் பார்த்திருக்கக்கூடும். விரலாலோ கோலாலோ அதில் எழுதலாம், எழுதியதை நகர்த்தலாம், பெரிதாக்கலாம், அழித்ததை மீண்டும் வரவழைக்கலாம். 'டிஜிட்டல் ஒயிட்போர்டு' என்று வழங்கும் இதனை மின்னணு வெண்பலகை என்று குறிப்போம். பலர் கூடி யோசித்து முடிவு செய்வதே கூட்டுறவின் அடிப்படையாதலால், இக்கருவி நமக்கும் பயன்படுமா என்னும் வினா இயல்பாகவே எழுகிறது. விடை காணுமுன் அதன் வரலாற்றையும் இயக்கத்தையும் அறிந்துகொள்ளுதல் நலம்.

சாதாரணக் கரும்பலகைக்கு மூன்று குறைகள் உண்டு. இடம் போதாது. அழித்தது திரும்பி வராது. ஒரு மூலையில் எழுதியதை மற்றொரு மூலைக்கு மாற்றவேண்டுமாயின் முழுவதையும் மறுபடி எழுதவேண்டும். இக்குறைகளைக் களைய முயன்றவர்களுள், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஜெராக்ஸ் கம்பெனி நடத்திவந்த பாலோ ஆல்டோ ஆராய்ச்சி நிலையத்தார் முன்னோடிகளாவர். 'கோலாப்' என்ற பெயரில் அவர்கள் அமைத்த கூட்ட அறையில் கூடியிருந்தோர் முன் கணிப்பொறிகளும், சுவரருகே ஒரு பெரிய திரையும் இருந்தன. ஒருவர் காண்பதையே ஏனையோரும் அதே சமயத்தில் காணவேண்டும் என்பது அவர்கள் கொண்ட கொள்கை. 1987-ல் அம்முயற்சியை விளக்கிக் கட்டுரை வெளியிட்டனர். அதே ஆண்டில் கனடாவின் கால்கரி நகரில் தொடங்கப்பெற்ற ஸ்மார்ட் டெக்னாலஜீஸ் நிறுவனம், 1991-ல் தொட்டு இயக்கும் பலகையை விற்பனைக்குக் கொணர்ந்தது.

இதன் இயக்கத்தில் மாயம் ஏதுமில்லை. இன்றைய பலகைகள் பலவற்றில், திரையின் மேற்பரப்பை ஒட்டிக் கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்புக் கதிர்கள் பாவும் ஊடும் போலக் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. விரல் பட்டவுடன் அவ்விடத்துக் கதிர்கள் தடைப்படும். எத்தனையாவது பாவிழையும் எத்தனையாவது ஊடிழையும் சந்திக்கின்றன என்று சொன்னால் துணியில் ஒரு புள்ளியைச் சரியாகக் காட்டிவிடலாம் அல்லவா? கணிப்பொறியும் அவ்வாறே விரல் நின்ற இடத்தை அறிகிறது. விரல் நகர நகரப் புள்ளிகள் சேர்ந்து கோடாகின்றன. அப்புள்ளிகளின் எண்களை இணையத்தின் வழியே அனுப்பினால், தொலைவிலுள்ள ஊரின் திரையிலும் அதே கோடு உடனே தோன்றும். இன்று சுவர்ப் பலகைகூட இன்றியமையாததன்று. மிரோ, மைக்ரோசாப்ட் ஒயிட்போர்டு முதலிய செயலிகளைக் கொண்டு சாதாரணக் கணிப்பொறியிலேயே பலர் ஒரே பலகையில் எழுதலாம்.

இதன் நன்மையை நெசவாளர் எளிதில் உணர்வர். சேலைக் கரையின் வடிவத்தைக் கட்டத் தாளில் வரைந்து, விற்பனை நிலையத்துக்கு அனுப்பி, அவர்கள் சொல்லும் திருத்தத்துக்காகக் காத்திருப்பது பழைய முறை. ஒரே பலகையை இரண்டு ஊர்களிலும் விரித்துவைத்தால், கட்டத்துக்குக் கட்டம் பேசித் திருத்திவிடலாம். பயிரிடுவோரும், எவர் எந்த வாரத்தில் அறுவடை செய்வது, வண்டி எந்தக் கிராமத்துக்கு முதலில் செல்வது என்பவற்றைச் சீட்டுகளாக இட்டு, அனைவரும் பார்க்க நகர்த்தி ஒழுங்கு செய்யலாம்.

ஆயின், பலகை நமது சுவரில் தொங்கினும், அதில் எழுதியது பெரும்பாலும் வேறொருவர் கிடங்கில் இருக்கிறது என்பதை மறத்தல் ஆகாது. கூகிள் நிறுவனம் 2016-ல் ஜாம்போர்டு என்னும் 55 அங்குலப் பலகையை அறிவித்தது. அமெரிக்காவில் அதன் விலை ஏறக்குறைய 5,000 டாலராக இருந்தது. அதற்கு மேல் ஆண்டுக் கட்டணமும் இருந்தது. 2023-ல் அந்நிறுவனம் இச்சேவையை நிறுத்தப்போவதாகத் தெரிவித்தது. 2024 அக்டோபரில் அச்செயலியில் புதிதாக எழுத இயலாமற் போயிற்று. அவ்வாண்டு டிசம்பர் 31-ல் சேவை முடிவுற்றது. பலகைகளை வேறிடத்துக்குப் பெயர்த்துக்கொள்ள அவகாசம் தரப்பட்டது உண்மையே. எனினும், முதல் போட்டு வாங்கியவரின் விருப்பத்தைக் கேட்டு அம்முடிவு செய்யப்படவில்லை.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. கோல் எவர் கையில் இருக்கிறதோ, கூட்டத்தின் போக்கும் அவர் கையிலேயே சென்றுவிடும். கணிப்பொறி பழகிய இருவர் விரைந்து எழுதிக்கொண்டே போக, நாற்பது ஆண்டு தறியில் அமர்ந்த அனுபவஸ்தர் வாய் திறவாமலே வீடு திரும்பலாம். அவ்வாறாயின் பலகை மின்னியதேயன்றிக் கூட்டம் நடந்ததாகாது. எழுதத் தயங்குவோர் சொல்வதை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதி, உரக்கப் படித்துக்காட்ட ஒருவரை அமர்த்துவது தலைவரின் கடமை.

ஆதலின், பலகை வாங்கும் யோசனை நிர்வாகக் குழுவின் முன் வருமாயின் அங்கத்தினர்கள் நான்கு கேள்விகளைத் தவறாமல் கேட்கவேண்டும். விலையோடு ஆண்டுதோறும் செலுத்தவேண்டிய கட்டணம் எவ்வளவு? எழுதியவை எங்கே சேமிக்கப்படுகின்றன. திறப்பதற்குரிய கடவுச்சொல் ஒருவரிடம் மட்டும் உள்ளதா? சேவை நின்றால் அவற்றை நாமே படிக்கத்தக்க வடிவில் எடுத்துக்கொள்ள இயலுமா? ஆண்டில் எத்தனை நாள் இது உண்மையில் பயன்படும்? இவற்றிற்குத் தெளிவான விடை கிடைக்கும் வரையில் பணத்தை விடுவிக்க வேண்டுவதில்லை. செயலியைச் சில மாதங்கள் உள்ள கணிப்பொறியிலேயே பழகிப் பார்ப்பது சிக்கனமான வழி.

சங்கங்களைப் பரிசோதிக்கச் செல்லும்போது நாம் முதலில் கேட்பது தீர்மானப் புத்தகத்தையே. பலகை யோசிப்பதற்கு உரிய இடம். முடிவு தங்குவதற்கு உரிய இடம் அப்புத்தகம். கூட்டம் கலையும் முன்பே காரியதரிசி முடிவுகளை அதில் எழுதி, சபையோர் கேட்கப் படித்து, தலைவரின் கையொப்பம் பெறவேண்டும். இவ்வொழுங்கு உள்ள சங்கம் எந்தப் புதிய கருவியையும் அச்சமின்றிக் கையாளலாம். அது இல்லாத சங்கம் முதலில் ஒரு நல்ல நோட்டுப் புத்தகம் வாங்கட்டும்.