அம்புக்குச் சிறகு கட்டலாமா? வான்கோழி இறகு இருந்தா போதும்!

கடலூர், சிதம்பரம் பக்கமா நீங்க? அப்போ பண்ருட்டிக்கு அருகிலிருக்கும் திருவதிகை கோயிலின் திரிபுரக் கதை தெரிஞ்சிருக்கும். மேருமலை வில், வாசுகி நாண், திருமால் அம்பு, அக்னி அதன் முனை. அம்பின் வாலில் இருக்கும் இறகு யார் தெரியுமா? வாயு!

காரணம் இருக்கு. இறகு இல்லாத அம்பு தள்ளாடும். இறகுதான் காற்றைத் தடுத்து, வால் பக்கத்தை நேராகப் பிடித்து வைக்கும்.

இதுக்கு வான்கோழி இறக்கையின் நீளமான, விறைப்பான இறகு செம பொருத்தம். காட்டு வான்கோழி அமெரிக்கப் பறவை. கவலை வேண்டாம், நம்ம ஊர் வளர்ப்பு வான்கோழியே போதும். ஆனா, மயிலைப் பிடித்து இறகு பிடுங்குவது 1972-ம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

எப்படிச் செய்வது?

* இறகுகளை சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் காய வையுங்க.
* நடுத்தண்டை பிளேடால் நீளவாக்கில் பிளந்து, அடிப்பக்கத்தை உப்புத்தாளில் தேயுங்க.
* 4 அங்குலத் துண்டுகளாக வெட்டுங்க.
* ஓர் அம்புக்கு 3 துண்டு, 120 டிகிரி இடைவெளியில் ஒட்டுங்க. இறகின் அடிப்பகுதி அம்பு முனையைப் பார்த்து இருக்கணும்.
* இரு முனைகளிலும் நூல் சுற்றுங்க.

முக்கியமான விஷயம்: மூன்றும் இடது இறக்கை இறகாகவோ, மூன்றும் வலது இறக்கை இறகாகவோ இருக்கணும். இரண்டின் வளைவும் எதிரெதிர். கலந்து ஒட்டினா, ஒண்ணு இந்தப் பக்கம் சுழற்ற, இன்னொண்ணு அந்தப் பக்கம் இழுக்கும். அம்பு குறி தவறும். அதனால, பிளக்கும் முன்னாடியே இறகுகளை இடது, வலதுன்னு பிரிச்சு வெச்சிடுங்க!