பீரங்கியால் வானை அளந்த கதையும் எம் பிள்ளைகளின் பட்டறைகளும்

ரொக்ஸ்பரோ மின்ரயில் நிலையத்தில் மாலையும் இரவும் வந்திறங்கும் எமது பிள்ளைகளைக் கவனித்தவர்களுக்கு ஒரு வித்தியாசம் புலப்பட்டிருக்கும். கணக்கியல் படிக்கும் பிள்ளை ஆறு மணிக்கே வீடு வந்து சேர்ந்துவிடுகின்றது. பொறியியல் படிக்கும் பிள்ளையோ பதினொரு மணிக்கு, விரல்களிலே பசையும் சட்டையிலே எண்ணெய்க் கறையுமாக வந்திறங்குகின்றது. "வகுப்பு நாலு மணிக்கே முடிஞ்சிட்டுது, பிறகென்ன வேலை?" என்று தாய் கேட்டால், "புரொஜெக்ற் அம்மா" என்பதே மறுமொழி. இந்தப் புரொஜெக்றுக்குப் புள்ளி உண்டா என்று கேட்டால், பெரும்பாலும் இல்லை என்ற பதிலே வருகின்றது. அதன் பின்னர் வீட்டில் என்ன நடக்கும் என்பதை நாம் எழுதத் தேவையில்லை.

பெற்றோரின் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. எழுபதுகளில் தரப்படுத்தல் வந்தபோது, பேராதனைக்கும் கட்டுப்பெத்தைக்கும் போக வேண்டிய எத்தனையோ பிள்ளைகள் சில புள்ளிகளால் வாசலிலேயே மறிக்கப்பட்டனர். அந்தத் தலைமுறை எம் குடும்பங்களில் இன்றும் இருக்கின்றது. புள்ளி என்பது எமக்கு வெறும் எண் அன்று. தப்பிப் பிழைப்பதற்கான பத்திரம். ஆகவே பாடப்புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் பட்டறையில் ஆணி முடுக்கும் பிள்ளையைக் கண்டால் மனம் பதறுகின்றது. ஆயினும், அந்தப் பட்டறைகளில் நடப்பது என்னவென்று தெரிந்துகொண்டு பதறுவது நல்லது.

கொன்கோடியாப் பல்கலைக்கழகத்திலே 'ஸ்பேஸ் கொன்கோடியா' என்றொரு மாணவர் அமைப்பு உண்டு. கனடியப் பல்கலைக்கழகங்களுக்கிடையே நடந்த செய்மதி வடிவமைப்புப் போட்டியில் 2012 ஆம் ஆண்டு முதலிடம் பெற்றவர்கள் இவர்கள். 2018 இல் அமெரிக்க நிறுவனம் ஒன்று, திரவ எரிபொருளில் இயங்கும் ரொக்கற் ஒன்றைத் தாமே கட்டி 100 கிலோமீற்றர் உயரத்துக்கு ஏவும் மாணவர் குழுவுக்குப் பத்து இலட்சம் டொலர் பரிசென அறிவித்தது. 100 கிலோமீற்றர் என்பது விண்வெளியின் எல்லையாகப் பொதுவிற் கொள்ளப்படும் உயரம். போட்டி இடையிலே நின்றுபோனது. பரிசும் இல்லை என்றாயிற்று. ஆனாற் பிள்ளைகள் நிறுத்தவில்லை. தொடங்கியவர்கள் பட்டம் பெற்று வெளியேற, அடுத்து வந்தவர்கள் அவர்கள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். இப்படிக் கைமாறிக் கைமாறி ஏழு ஆண்டுகள் சென்றன.

'ஸ்ரார்செய்லர்' எனப் பெயரிடப்பட்ட, ஏறத்தாழ 13 மீற்றர் உயரமான அந்த ரொக்கற், 2025 ஆகஸ்ட் 15 ஆம் திகதி அதிகாலையில், கியூபெக்கின் வடபகுதியிலே கிரீ முதற்குடி மக்கள் வாழும் மிஸ்ரிசினிக்கு அண்மையிலிருந்து ஏவப்பட்டது. தீப்பிடித்து, எழும்பி, மேலே சென்றது. இடைவழியிலே பிரிந்து விழுந்தது. 100 கிலோமீற்றரை எட்டவில்லை. எங்கள் வீடுகளில் இதனைத் தோல்வி என்போம். பொறியியலாளர்கள் அப்படிக் கணக்கிடுவதில்லை. குளிரால் உறைந்த குழாய்களும், கொதிக்கும் எரியறையும், வால்வுகளும், கணினியும் ஒரே கணத்தில் ஒத்துழைத்தாலன்றி அந்த ரொக்கற் தரையை விட்டே எழும்பியிருக்காது. இருபது வயதுப் பிள்ளைகள் அதனை எழுப்பிவிட்டார்கள். எந்த இடத்திற் பிழைத்தது என்பதைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலையையும் அவர்களே செய்ய வேண்டும். எந்தப் பரீட்சை மண்டபத்திலும் இதைக் கற்க இயலாது.

நீருக்கு அடியிலும் இதே கதைதான். 'ஈ.ரி.எஸ்.' என வழங்கும் உயர் தொழில்நுட்பக் கல்லூரியின் மாணவர்கள், மனித வலுவால் மட்டும் ஓடும் 'ஓமர்' என்னும் நீர்மூழ்கிகளைப் பல ஆண்டுகளாகக் கட்டி வருகின்றனர். நீர்மூழ்கியின் உள்ளும் நீர் நிறைந்திருக்கும். சுழியோடி சிலிண்டரிற் சுவாசித்தபடி, சைக்கிள் மிதிப்பது போல மிதிக்க வேண்டும். 2007 ஆம் ஆண்டு அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் நடந்த போட்டியில் ஓமர் 5, மணிக்கு 8.035 கடல்மைல் வேகத்தை எட்டி உலக சாதனை செய்தது. நிலத்தில் இது ஒருவர் விரைந்து ஓடும் வேகந்தான். நீர் எவ்வளவு பிடிவாதமாகப் பின்னே இழுக்கின்றது என்பதை மண்டைதீவிலோ குருநகரிலோ வள்ளம் வலித்தவர்களிடம் கேட்டால் அதன் அருமை விளங்கும்.

மாணவர்களின் வேலை இப்படியிருக்க, பேராசிரியர்களின் ஆய்வுகள் சற்று வேறு விதமானவை. அவை பொறுமையாக, ஆண்டுக் கணக்கில், பெரிய நிறுவனங்களின் துணையோடு நடப்பவை. அதே ஈ.ரி.எஸ். கல்லூரியிலே பேராசிரியர் ருக்சாந்திரா போத்தெஸ் நடத்திய ஆய்வு ஒன்றைச் சொல்லலாம். ருமேனியாவிலிருந்து இங்கு வந்தவர் இவர். பறக்கும்போதே வடிவம் மாறும் விமானச் சிறகு என்பதே அவருடைய பொருள்.

வல்வெட்டித்துறைக் கடற்கரையிலே பட்டம் ஏற்றியவர்களுக்கு இது புதிதன்று. காற்று வலுத்தால் பட்டத்தை இறக்கி முச்சையைத் திருத்திக் கட்டுவோம். காற்றுக்குப் பட்டம் கொடுக்கும் சாய்வு மாறிவிடும். விமானத்தை இடைவழியில் இறக்கி முச்சை கட்ட முடியாது. ஆகவே சிறகே தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டும். தண்ணீர்க் குழாயை மெல்லத் திறந்தால் நீர் கண்ணாடிக் கம்பி போல அசையாமல் விழும்; கூடத் திறந்தால் கலங்கிச் சிதறும். சிறகின் மீது ஓடும் காற்றும் அவ்வாறே முதலில் ஒழுங்காக ஓடிப் பின்பு கலங்குகின்றது. கலங்கிய காற்று கூடுதலாக இழுக்கும். கூடுதலாக எரிபொருள் குடிக்கும். சிறகின் மேற்றோலை வளையத்தக்க கூட்டுப்பொருளாற் செய்து, உள்ளேயிருந்து சில மில்லிமீற்றர் மட்டும் உயர்த்தியும் தாழ்த்தியும் அந்தக் கலக்கத்தைப் பின்னுக்குத் தள்ளலாம் என்பதே ஆய்வின் கருத்து. முதற் கட்டத்தில், சூடேற்றினால் சுருங்கித் தன் பழைய வடிவத்துக்கு மீளும் விசேட உலோகக் கம்பிகளைக் கொண்டு தோலை அசைத்தார்கள். பின்னைய கட்டத்தில் மின்னியக்கிகளைப் பயன்படுத்தினார்கள். ஒட்டாவாவிலுள்ள தேசிய ஆராய்ச்சி மன்றத்தின் காற்றுச் சுரங்கத்திலே சோதித்தும் பார்த்தார்கள். பொம்பார்டியர், தாலெஸ் போன்ற நிறுவனங்களும் இதிற் பங்கெடுத்தன.

நிறுவனங்கள் பங்கெடுத்தன என்ற இடத்தில்தான் சற்று நிற்க வேண்டியிருக்கின்றது. ஆய்வுக்குப் பணம் யார் கொடுப்பது? கொடுப்பவருக்கு என்ன வேண்டும்? இந்தக் கேள்விக்கு மொன்றியல் நகரமே ஒரு பழைய கதை வைத்திருக்கின்றது. எறிகணைக்குத் தப்பி வந்த நாம் அதனை மறவாமல் அறிந்திருக்க வேண்டும்.

ஜெரால்ட் புல் என்பவர் 1928 இல் ஒன்ராறியோவின் நோர்த் பே நகரிற் பிறந்தவர். மிக இளம் வயதிலேயே ரொறன்ரோப் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றவர். 1961 இல் மக்கில் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராக வந்தார். பொறியியற் பீடாதிபதி டொனால்ட் மோடலின் ஆதரவோடு அவர் தொடங்கிய திட்டமே 'ஹார்ப்'. உயர்வானத்தின் காற்றையும் தன்மையையும் அளப்பதற்கு ரொக்கற் எதற்கு, பெரிய பீரங்கி ஒன்றே போதும் என்பது அவர் வாதம். ரொக்கற் ஒவ்வொரு தடவையும் எரிந்து தொலையும்; பீரங்கியோ மீண்டும் மீண்டும் சுடும். செலவு மிகக் குறைவு.

அமெரிக்கக் கடற்படையின் பழைய 16 அங்குலப் பீரங்கிக் குழலொன்று பார்படோஸ் தீவுக்குக் கொண்டு செல்லப்பட்டது. கிழக்கே அத்திலாந்திக் சமுத்திரம் விரிந்து கிடப்பதால், திரும்பி விழுவது எவர் தலையிலும் விழாது. பின்னர் இரண்டு குழல்களைப் பொருத்தி 36 மீற்றர் அளவுக்கு நீளமாக்கினார்கள். சுடப்பட்ட கலத்துக்கு 'மாட்லெற்' என்று பெயர். மக்கில் பல்கலைக்கழகத்தின் இலச்சினையிலுள்ள சிறு பறவையின் பெயர் அது. குழலை விட்டுக் கலம் வெளியேறும்போது, புவியீர்ப்பைப் போலப் பத்தாயிரம் மடங்குக்கும் மேலான விசை அதனுள்ளிருக்கும் கருவிகளைத் தாக்கும். அதற்கும் தாக்குப்பிடிக்கும் மின்னணுக் கருவிகளைச் செய்ததே பெருஞ் சாதனை. உயரத்தில் இரசாயன ஆவியை வெளியேற்ற வைத்து, இரவு வானிலே அந்த ஆவிக்கோடு காற்றில் வளைந்து நெளிவதைப் படம் பிடித்து, அங்கு வீசும் காற்றின் வேகத்தைக் கணித்தார்கள். 1966 நவம்பர் 18 ஆம் திகதி அமெரிக்காவின் அரிசோனாவில் யூமா என்னுமிடத்திலிருந்து சுட்ட கலமொன்று 180 கிலோமீற்றர் உயரத்தைத் தொட்டது. ஏழு ஆண்டுகள் உழைத்த எம் நகர மாணவர்களின் ரொக்கற் எட்ட முடியாத எல்லையை, ஒரு பீரங்கி அன்றே கடந்துவிட்டது.

இது வரைக்கும் கதை இனிமையானது. ஆனால் ஹார்ப் திட்டத்துக்கான பணத்திற் பெரும் பங்கு இராணுவப் பைகளிலிருந்தே வந்தது. 1967 இல் கனடிய அரசு கையை விரித்தது. பல்கலைக்கழகமும் விலகியது. புல் மனமுடைந்தார், ஆனால் அடங்கவில்லை. வெர்மொண்ட் எல்லையை அண்டிய கியூபெக் கிராமமான ஹைவோட்டரிலே தமது சொந்த நிறுவனத்தை நடத்தினார். காற்றை அளக்கப் பயன்பட்ட அதே அறிவு, எறிகணையை முன்னிலும் தூரம் வீசும் அறிவாயிற்று. நிறவெறித் தென்னாபிரிக்காவுக்கு ஐக்கிய நாடுகளின் ஆயுதத் தடையை மீறி விற்றமைக்காக 1980 இல் அமெரிக்காவிற் சிறை சென்றார். வெளியே வந்து பிரசெல்ஸ் நகருக்குப் போனார். கடைசியில் ஈராக்கின் சதாம் ஹுசைனுக்காக, 156 மீற்றர் நீளமும் ஒரு மீற்றர் வாயும் கொண்ட 'பாபிலோன்' பீரங்கியைக் கட்டத் தொடங்கினார். 1990 மார்ச் 22 ஆம் திகதி பிரசெல்ஸில் தமது வீட்டு வாசலிற் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் எவர் என்பது இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை.

புல்லைத் தொடக்கத்திலேயே கொடியவர் என்று எழுதிவிடுவது இலகு. எமக்கு அப்படித் தோன்றவில்லை. வானத்துக்குச் சுட வேண்டும் என்ற ஒரே ஆசையில் வாழ்ந்தவர், அந்த ஆசைக்கு யார் பணம் தந்தாலும் வாங்கிக்கொண்டார். யாரிடம் வாங்குகிறோம் என்று கேட்கவில்லை. தொலைவிலே குத்துச் சத்தம் கேட்டதும், விழும் வரைக்கும் மூச்சடக்கி எண்ணிய மக்களாகிய நாம் அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட இயலாது.

கேள்வி பழையதுமன்று. எமது ஊர்களின் மேலே சுற்றிய பெல் 212 ரக ஹெலிகளின் இயந்திரம் பி.ரி.6 குடும்பத்தைச் சேர்ந்தது. லோங்கேயிலுள்ள பிராற் அன்ட் விற்னி கனடா நிறுவனத்தின் படைப்பு. அதே குடும்பத்து இயந்திரங்கள்தாம் பனி மூடிய வடபுலக் கிராமங்களிலே இறங்கும் ருவின் ஒட்டர் விமானங்களையும், நோயாளிகளைச் சுமக்கும் பல சிறு விமானங்களையும் இயக்குகின்றன. லோங்கேய் தொழிற்சாலைகளில் எம்மவர்களின் பிள்ளைகள் வேலைக்குச் சேர்வதை நாம் விரும்புகின்றோம், விரும்பத்தான் வேண்டும். ஆனால் எந்தப் பகுதியில், என்ன வேலைக்கு என்று வீட்டு மேசையிலே பேசிக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இன்னொரு விடயமும் உண்டு. பாதுகாப்புச் சம்பந்தப்பட்ட விமானப் பகுதிகளைக் கையாளும் நிறுவனங்களில் வேலை செய்வோருக்குப் பின்னணிச் சோதனை நடத்தப்படும். அகதியாக வந்த குடும்பம் என்பதற்காகப் பிள்ளை அஞ்சி விண்ணப்பிக்காமல் விட வேண்டியதில்லை. குடிவரவுப் பத்திரங்களையும் பழைய முகவரிகளையும் ஒழுங்காக வைத்திருந்து, உள்ளதை உள்ளபடி எழுதினால் போதுமானது. திகதிகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதே பெரும்பாலும் தலையிடி.

பட்டப்படிப்பு மட்டுமே வழி என்றும் எண்ண வேண்டாம். 1977 இன் மொழிச் சட்டத்தினால் எம் பிள்ளைகள் பிரெஞ்சுப் பாடசாலைகளுக்குச் செல்ல நேர்ந்ததைப் பலர் அந்நாளிற் சுமையாகக் கருதினர். இன்று அதுவே கதவு திறக்கின்றது. சென் ஊபேரிலுள்ள தேசிய விமானத் தொழில்நுட்பப் பாடசாலை ஒரு செஜெப் கல்லூரியின் பிரிவு. அங்கே பிரெஞ்சு மொழியில் விமானக் கட்டுமானமும் பராமரிப்பும் கற்பிக்கின்றார்கள். செஜெப்பிலே மூன்றாண்டுத் தொழில்நுட்பக் கல்வியை முடித்தவர்களை முதன்மையாக எண்ணி அமைக்கப்பட்டதே ஈ.ரி.எஸ். கல்லூரி. கணிதத்தில் முதற் பிள்ளையாக இல்லாது, கையில் வேலைத்திறன் உள்ள பிள்ளைக்கு இது நல்ல பாதை.

ரொக்ஸ்பரோவிலிருந்து நகருக்குப் போகும் மின்ரயில், 2020 இன் இறுதியில் நிறுத்தப்பட்டு, புதிய 'ரெம்' பாதையாக 2025 நவம்பரில் மீண்டும் ஓடத் தொடங்கியது. மலையைக் குடைந்த சுரங்கத்தினூடே அது மக்கில் நிலையத்துக்கே நேராகக் கொண்டு போய் விடுகின்றது. வழியிலே புவா பிராங் நிலையம் வரும். அப்பகுதியில் இன்று வரிசை வரிசையாக வீடுகள் நிற்கும் நிலம், 1988 வரை கார்ட்டியவில் விமான நிலையமாக இருந்தது. கனடேர் நிறுவனத்தின் பொறியியலாளர்கள் தம் விமானங்களைக் கட்டிப் பறக்கவிட்ட ஓடுபாதை அங்கேதான் கிடந்தது. 1967 இல் அவர்கள் முதன்முதலாகப் பறக்கவிட்ட ஒன்று சி.எல். 215. ஏரியின் மேற்பரப்பை உரசியபடி ஓடி, சில விநாடிகளிலே ஐயாயிரம் லீற்றருக்கு மேல் நீரை அள்ளிக்கொண்டு எழும்பி, எரியும் காட்டின் மீது கொட்டும் விமானம். ஆங்கிலத்தில் அதற்கும் 'பொம்மர்' என்றுதான் பெயர். அந்தச் சொல்லை நாம் அறிந்திருந்தது வேறொரு பொருளில். அடுத்த முறை பதினொரு மணி ரயிலில் பிள்ளை வந்திறங்கும்போது, புள்ளியைக் கேட்பதற்கு முன், இன்று என்ன கட்டினாய் என்று கேட்டுப் பாருங்கள். யாருக்காகக் கட்டுகிறாய் என்றும் கேளுங்கள். சாப்பாட்டைச் சூடாக்கி வைத்துவிட்டுக் கேட்டால், பதில் நீளமாகவே வரும்.