உங்களுக்குத் தெரியுமா? – பாதாளத்துக்கு ஒரு வழி, காவிரிக்கு ஒரு வழி

கிரேக்க தேவர்கள் வாசம் செய்யும் ஒலிம்பஸை நியூயார்க் நகரத்து எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் கற்பனையான 600ஆம் மாடியில் ஏற்றிவைத்து, பெர்சி ஜாக்சன் என்னும் பள்ளிச் சிறுவனை அங்கே அனுப்பிய ரிக் ரயர்டனின் நாவல் 2005இல் வெளிவந்தபோது, பாதாள லோகத்தின் வாயில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து ஒலிப்பதிவு நிலையமொன்றுக்கு இடம்பெயர்ந்துவிட்டது. புராதனக் கதையிலோ, கிரேக்க வீரன் ஹெராக்ளீஸ் பாதாளத்தின் காவல்நாயைக் கட்டி இழுத்துவரப் புகுந்த வழி, கிரேக்கப் பெருநிலப்பரப்பின் தென்கோடியிலுள்ள தைனரம் முனைக் குகையேயாகும்.

அத்தகைய குகை ஐதீகம் நம் ஏற்காட்டிலும் உண்டு. சுமார் 5,300 அடி உயரத்தில், சேர்வராயன் மலையுச்சியில், குனிந்தே நுழைய வேண்டிய குறுகலான குகைக்குள் சேர்வராயனும் காவேரியம்மனும் எழுந்தருளியிருக்க, அக்குகை காவிரி நதிவரை நீள்கிறது என்பது பக்தர்களின் நம்பிக்கை. ஆண்டுதோறும் மே மாதத்தில் நடைபெறும் உற்சவத்துக்கு, காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்த சகோதரர் மூவரின் வம்சமென்று தம்மைச் சொல்லிக்கொள்ளும் மலையாளிப் பழங்குடியினர் – தமிழ் பேசும் இவர்களுக்கும் கேரளத்தாருக்கும் சம்பந்தமில்லை – சுற்றுப்புறத்து ஊர்களிலிருந்தெல்லாம் திரளாக வந்து கூடுகின்றனர்.