பார்வை இல்லை, ஆனால் குறி தப்பாது!

கையில் ஓர் ஊன்றுகோல். கண்களில் பார்வை இல்லை. ஊர் ஊராகச் சென்று, களைத்தவர்களுக்கு உடம்பு பிடித்துவிட்டுக் கூலி வாங்கிப் பிழைக்கிறான் ஒருவன். எளியவர்களைப் போக்கிரிகள் வதைத்தால் போதும், அந்த ஊன்றுகோலுக்குள்ளிருந்து வாள் வெளியே வரும். ஓசையைக் கொண்டே எதிரிகளை வீழ்த்திவிடுவான். ஜப்பானியப் படவுலகின் ஸாட்டோயிச்சிதான் அவன்.

1962-ல் இந்த வேடத்தை ஏற்ற ஷின்டாரோ காட்சு, 1989 வரை 26 படங்களில் அதே பாத்திரமாக வந்தார். பழைய ஜப்பானில் உடம்பு பிடித்துவிடுவது பார்வையற்றோர் பலருக்கும் உரிய தொழில். பிறர் இரக்கத்தை எதிர்பாராமல் கைத்தொழிலை நம்பி வாழ்ந்ததே இந்த நாயகனின் பெருமை.

நம் படங்களில் பார்வையற்றவர் என்றாலே பெரும்பாலும் கண்ணீர்தான். 1981-ல் வந்த 'ராஜபார்வை' அதற்கு விலக்கு. சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கிய அப்படத்தில், பார்வையற்ற வயலின் கலைஞராகக் கமல்ஹாசன் நடித்தார். தெலுங்கில் அது 'அமாவாஸ்ய சந்துருடு' என்ற பெயரில் வந்தது.

ஸாட்டோயிச்சிக்கு நெருங்கிய தமிழ் நாயகன் 2012-ல் வந்த 'தாண்டவம்' விக்ரம். நாவால் 'டக் டக்' என்று ஒலி எழுப்பி, திரும்பி வரும் எதிரொலியால் எதிரி நிற்கும் இடத்தை அறிந்து தாக்குவார். ஹைதராபாத் ரசிகர்கள் நன்கறிந்த அனுஷ்காவும் ஜகபதி பாபுவும் உடன் நடித்தனர்.

இது முழுக் கற்பனை என்று எண்ண வேண்டாம். அமெரிக்கரான டேனியல் கிஷ், கைக்குழந்தையாக இருந்தபோதே புற்றுநோயால் இரு கண்களையும் இழந்தவர். நாவொலியின் எதிரொலியைக் கேட்டே சுவர் எது, மரம் எது என்று அறிந்து தனியாக நடப்பார், சைக்கிளும் ஓட்டுவார். 'தாண்டவ'த்தில் அவரும் தோன்றினார். ஆக, சண்டைதான் சினிமாவின் சரக்கு. செவியின் திறமை உண்மை.

கோட்டியிலோ செகந்தராபாத் ஸ்டேஷன் வாசலிலோ வெள்ளைக்கோலுடன் ஒருவர் சாலையைக் கடக்க நின்றால், கையைப் பிடித்து இழுத்துச் செல்லாதீர்கள். உதவி வேண்டுமா என்று முதலில் கேளுங்கள். வேண்டுமென்றால், உங்கள் முழங்கையை அவர் பிடித்துக்கொள்ளட்டும். ஸ்கூட்டரில் வருபவர்கள் அநாவசியமாக ஹாரன் அடிக்க வேண்டாம். அவர் காதால்தான் வழி பார்க்கிறார். நம் இரைச்சல் அந்த வழியை மறைத்துவிடும்.