உடம்புக்கும் ஓட்டுக்கும் சம்பந்தம் உண்டு



சுகாதாரப் பகுதியில் இம்முறை அரசியல் பேசப் போகிறோம். "உடம்புக்கும் ஓட்டுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். சம்பந்தம் உண்டு. அமெரிக்காவில் மூன்று மாநிலத்துப் பெண்களும், அவர்களோடு நின்ற தொழிலாளர்களும் அதைக் காட்டியிருக்கிறார்கள்.

அங்கே 1973 முதல் கருக்கலைப்பு நாடு முழுவதற்கும் பொதுவான உரிமையாக இருந்தது. உச்ச நீதிமன்றம் தந்த உரிமை அது. 2022 ஜூன் 24ஆம் தேதி அதே நீதிமன்றம் அதை எடுத்துவிட்டது. இனி அந்தந்த மாநிலம் முடிவு செய்துகொள்ளட்டும் என்று தீர்ப்பு.

அன்றே ஒஹாயோ மாநிலத்தில் ஒரு சட்டம் அமலுக்கு வந்தது. ஏறக்குறைய ஆறு வாரத்துக்குமேல் கருவைக் கலைக்கக் கூடாது. ஆறு வாரம் நிறைய நாள்தானே என்று தோன்றும். கணக்கைப் பாருங்கள். மருத்துவர்கள் கர்ப்பத்தைக் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறார்கள். நாள் தள்ளிப் போச்சே என்று பெண் கவனிக்கும்போதே நான்கு வாரம் ஏறிவிடும். மிச்சம் இரண்டே வாரம். மாதவிலக்கு ஒழுங்காக வராதவளுக்கு அதுவும் இல்லை. பலாத்காரத்துக்கு ஆளானவளுக்கும் அந்தச் சட்டம் விலக்குத் தரவில்லை. சில மாதங்களில் ஒரு நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. ஆனால் வழக்கு முடியவில்லை. கத்தி தலைக்குமேல் தொங்கிக்கொண்டே இருந்தது.

முதல் பதில் கான்சஸ் மாநிலத்திலிருந்து வந்தது. கோதுமை விளையும் பூமி. பழமையில் பிடிப்புள்ள மக்கள். மாநில அரசியல் சட்டம் பெண்ணுக்குத் தந்த பாதுகாப்பை நீக்கலாமா என்று மக்களிடம் கேட்டார்கள். வாக்கெடுப்புக்குக் குறித்த நாள் 2022 ஆகஸ்ட் 2. கட்சிகளின் உள்தேர்தல் நாள் அது. வழக்கமாகக் கூட்டம் குறைவாகவே வரும். கேள்வியும் சிக்கலானது. உரிமை வேண்டும் என்பவர் "இல்லை" என்று போட வேண்டும். "ஆம்" என்று போட்டால்தான் பெண்ணின் உரிமை நிலைக்கும் என்று முதல் நாள் பலருடைய தொலைபேசிக்குப் பொய்ச் செய்தியும் வந்தது. தொண்டர்கள் வீடு வீடாகக் கதவைத் தட்டி, சீட்டில் எதற்கு என்ன அர்த்தம் என்று விளக்கினார்கள். 9 லட்சத்துக்கு மேற்பட்டோர் வந்து ஓட்டுப் போட்டார்கள். 59 விழுக்காடு "இல்லை".

அடுத்தது மிச்சிகன். அங்கே 1931ஆம் ஆண்டுத் தடைச் சட்டம் ஒன்று ஏட்டில் தூங்கிக் கிடந்தது. அது விழிக்கும் முன்னே மக்கள் மனு எடுத்துப் புறப்பட்டார்கள். தேவைப்பட்ட கையெழுத்து 425,059. சேர்ந்ததோ 7 லட்சத்து 50 ஆயிரத்துக்கும் அதிகம். ஆனால் மனுவைப் பரிசீலித்த வாரியத்தில் நான்கே பேர். அச்சில் சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி இல்லை என்று இருவர் மறுக்க, இரண்டுக்கு இரண்டு என்று மனு முட்டி நின்றது. மாநில உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகே அது வாக்குச் சீட்டில் ஏறியது. 2022 நவம்பரில் சுமார் 57 விழுக்காடு ஆதரவோடு வென்றது. பழைய சட்டமும் 2023இல் ஒழிந்தது.

மறுபடியும் ஒஹாயோ. இங்கேதான் தொழிற்சங்கக்காரர்கள் கூர்ந்து பார்க்க வேண்டும். பெண்கள் மனுவோடு வருவதைக் கண்ட சட்டமன்றப் பெரும்பான்மையினர், ஆட்ட விதியையே மாற்றப் பார்த்தார்கள். பாதிக்குமேல் ஓட்டு என்றிருந்ததை 60 விழுக்காடு ஆக்க வேண்டும்; 44 மாவட்டத்தில் கையெழுத்து என்றிருந்ததை 88 மாவட்டமும் ஆக்க வேண்டும் என்றார்கள். ஒஹாயோ தொழிற்சங்கங்கள் எதிர்த்துக் களம் இறங்கின. காரணம் உண்டு. அரசு ஊழியர்களின் கூட்டுப் பேரம் பேசும் உரிமையை வெட்டிய சட்டத்தை, 2011இல் இதே மக்கள் வாக்கெடுப்பால்தான் அவை வீழ்த்தியிருந்தன. இன்று அவள் வாசலில் போடுகிற பூட்டு நாளை நம் வாசலிலும் தொங்கும் என்று அவர்களுக்குத் தெரியும். 2023 ஆகஸ்டில் மக்கள் அந்த விதியை மறுத்தார்கள். நவம்பரில் சுமார் 57 விழுக்காடு ஆதரவோடு கருக்கலைப்பு உரிமை மாநில அரசியல் சட்டத்தில் ஏறியது.

புளோரிடாவிலும் 2024இல் அதே 57 விழுக்காட்டினர் ஆதரித்தார்கள். அங்கே 60 விழுக்காடு விதி முன்பே இருந்தது. தோற்றுப் போனார்கள்! ஆதரவு ஒன்றுதான், விதி வேறு. ஆகவே உரிமை மேடைப் பேச்சில் மட்டும் இல்லை. விதி எழுதும் அறையில், நான்கு பேர் வாரியத்தில், கூட்டம் வராத நாளின் ஓட்டில் இருக்கிறது. அங்கே நம் ஆள் இல்லையென்றால் நமக்கு வேண்டாததை வேறொருவர் எழுதிவிடுவார்.

கருக்கலைப்பு பாவம் என்று எண்ணுவோர் நம்மிலும் உண்டு. அது அவரவர் மனசாட்சி. ஆனால் ஆபத்தில் இருக்கிற பெண்ணை டாக்டர் தொடுவதற்கு முன் வக்கீலைக் கேட்க வேண்டுமென்றால், அது வைத்தியமா?

நம் மலேசியாவில் இப்படிப்பட்ட வாக்கெடுப்பு இல்லை. சட்டம் என்ன சொல்கிறது என்றாவது நாம் அறிந்திருக்க வேண்டும். தண்டனைச் சட்டம் 312ஆம் பிரிவு 1989இல் திருத்தப்பட்டது. கர்ப்பம் தொடர்ந்தால் தாயின் உயிருக்கோ, உடல் நலத்துக்கோ, மன நலத்துக்கோ, கலைப்பதைவிட அதிக ஆபத்து என்று பதிவு பெற்ற டாக்டர் நல்லெண்ணத்தோடு கருதினால், அவர் கருவைக் கலைக்கலாம். "எல்லாமே குற்றம்" என்று பயந்து கண்ட மருந்தையும் குச்சியையும் நாடாதீர்கள். அது உயிருக்கு எமன்.

கருக் கலைந்த பிறகு, தானாகக் கலைந்தாலும் சரி, மணிக்கு இரண்டு துணி என்று இரண்டு மணி நேரம் நனைந்தாலோ, காய்ச்சல், கெட்ட வாடை, தாங்க முடியாத வயிற்று வலி, மயக்கம் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். டாக்டரிடம் எதையும் மறைக்காதீர்கள்.

அடுத்த கிளைக் கூட்டத்தில் ஒரு டாக்டரை அழைத்து 312ஆம் பிரிவை விளக்கச் சொல்லுங்கள். பெண்கள் முன் வரிசையில் உட்காருங்கள். ஆண்களும் வரட்டும், அவர்கள் வீட்டிலும் மனைவி மக்கள் உண்டு.