பதிப்பறிந்து பணி செய்தல்: ரூபி நிரல்களும் கெடாத் தமிழ்ச் சொற்றொகுப்பும்

மொழி குறித்த பொழிவு வரிசையில் கணினி நிரல்களின் பதிப்புகளைப் பற்றிப் பேச முற்படுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும் இன்று சொற்களைத் திரட்டுவோரும் அகரவரிசைப்படுத்துவோரும் எழுத்துகளை எண்ணி ஆய்வோரும் கணினியையே கருவியாகக் கொண்டுள்ளனர். ஒரு நூற்பாவை மேற்கோளாகக் காட்டும் மாணவரிடம் ‘இஃது எந்தப் பதிப்பு?’ என்று கேட்கிறோம். ஓர் எண்ணிக்கையைக் கணினியிலிருந்து எடுத்துக் காட்டுபவரிடமும் அதே வினாவைக் கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது. அவ்வினாவுக்கு விடை கூறும் வழியை ரூபி என்னும் நிரல்மொழியைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. நம் முன்னுள்ள பணி

கெடா மாநிலத்தின் தோட்டங்களில் பால்மரம் இருந்த நிலங்கள் பல செம்பனைக் காடுகளாயின. வேறு பல வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா 1996இல் திறக்கப்பட்டது. மக்கள் சுங்கைப்பட்டாணி, கூலிம், அலோர்ஸ்டார் முதலிய நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். பெரட்டு, மங்கு, ஒட்டுப்பால், தண்டல், கிராணி, ஆயாக்கொட்டகை ஆகிய சொற்கள் அன்றாட வழக்கில் இருந்த தலைமுறை முதுமை எய்திவிட்டது. இச்சொற்களை அத்தலைமுறையினரிடம் கேட்டுப் பதிவு செய்வதற்கு எஞ்சியுள்ள காலம் நீண்டதன்று.

பள்ளி மாணவர்களும் கல்லூரி மாணவர்களும் இப்பணியில் ஈடுபடும்போது ஒரு சிறு நிரலை எழுதிச் சொற்களை வரிசைப்படுத்துகின்றனர், எண்ணுகின்றனர், தேடுகின்றனர். பேசியவர் மறைந்தபின் அத்தொகுப்பே சான்றாக நிற்கும். பத்து ஆண்டுகளுக்குப் பின் அதே நிரல் வேறு விடை தருமாயின், அல்லது இயங்கவே மறுக்குமாயின், சான்றின் மதிப்பு என்னாவது? இங்கேதான் பதிப்புச் சிக்கல் நமக்கு உரியதாகிறது.

2. ஒரு சொல், மூன்று விடைகள்

‘கூலிம்’ என்னும் ஊர்ப்பெயரை எடுத்துக்கொள்வோம். அதில் எத்தனை எழுத்துகள் என்று தொடக்கப்பள்ளி மாணவரைக் கேட்டால் கூ, லி, ம் என மூன்று என்பார். ரூபியிடம் கேட்டால் விடை எளிதன்று.

ரூபி மொழியை யப்பானியரான யுகிஹிரோ மட்சுமோட்டோ 1995இல் வெளியிட்டார். அதன் 1.8 பதிப்பில் ஒரு சரத்தின் நீளம் என்பது பைட்டுகளின் எண்ணிக்கையாகும். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகளைக் கொள்ளும். ஆகவே அப்பதிப்பு ‘கூலிம்’ என்பதன் நீளத்தை 18 எனக் கூறும். 1.9 பதிப்பு முதல் சரங்கள் தத்தம் குறியாக்கத்தை அறிந்திருந்தன. எனவே க, ஊகாரக் குறி, ல, இகரக் குறி, ம, புள்ளி என்று பிரித்து 6 என்னும் விடை கிடைத்தது. 2017 டிசம்பரில் வந்த 2.5 பதிப்பிலேயே கண்ணுக்குத் தெரியும் எழுத்துக் கூட்டுகளைத் தனித்தனியே பிரித்துத் தரும் கட்டளை சரங்களுக்குச் சேர்க்கப்பட்டது. அதனைப் பயன்படுத்தினால் 3 என்னும் விடையைப் பெறலாம். நீளத்தைக் கேட்கும் பழைய கட்டளையோ இன்றும் 6 என்றே கூறும்.

இதிலிருந்து இரண்டு செய்திகள் பெறப்படுகின்றன. ஒன்று, ஒரே கட்டளைக்கு இரு பதிப்புகள் வேறு வேறு விடை தரலாம். அவ்வேளையில் நிரல் பிழை காட்டுவதில்லை. எண் மட்டும் மாறிவிடும். மற்றொன்று, புதிய பதிப்பின் கட்டளையைப் பழைய பதிப்பில் இயக்கினால் ‘அத்தகைய கட்டளை இல்லை’ என்று நிரல் நின்றுவிடும். நின்றுபோகும் நிரல் தன் குறையைத் தானே அறிவித்துவிடுகிறது. ஓசையின்றி வேறு விடை தரும் நிரலே ஆய்வாளருக்குப் பெருந்தீங்கு செய்வது.

இதற்கு இணையான இன்னொரு சிக்கல், எழுத்துகளைக் குறியேற்றும் முறையில் உள்ளது. ‘கோலா கெட்டில்’ என்னும் ஊர்ப்பெயரின் முதலெழுத்தை ஒருங்குறியில் இரு வகையாக எழுதலாம்: ஓகாரத்திற்குரிய ஒரே குறியாகவும், இரட்டைக்கொம்பும் காலுமாகிய இரு குறிகளாகவும். திரையில் இரண்டும் ஒன்றே. ரூபிக்கோ இரண்டும் வேறு வேறு சரங்கள். எனவே தேடல் தவறும். இவ்விரண்டையும் ஒரே வடிவத்திற்குக் கொணரும் கட்டளை 2014இன் இறுதியில் வெளிவந்த 2.2 பதிப்பு முதல் ரூபியோடு வருகிறது. அதற்கு முன்னர் இப்பணிக்குத் தனி நூலகத்தை நாட வேண்டியிருந்தது.

அகரவரிசையும் அத்தகையதே. ரூபி தன்னியல்பில் குறியெண் வரிசையைப் பின்பற்றும். அவ்வரிசையில் ஜகரம் சகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், னகரம் நகரத்தை அடுத்தும் அமைந்துள்ளன. ஆகவே ‘ஜித்ரா’ என்னும் ஊர், வடவெழுத்துகளை இறுதியில் வைக்கும் நம் அகராதி மரபுக்கு மாறாக, சகரச் சொற்களுக்குப் பின்னே வந்து நிற்கும். இதனைச் சீர்செய்ய அகரவரிசைக்குரிய நூலகம் ஒன்று வேண்டும். அந்நூலகத்திற்கும் பதிப்புகள் உண்டு.

3. பதிப்பு வேறுபாடு நமக்குப் புதிதன்று

தொல்காப்பிய நூற்பாக்களின் எண்கள் உரைதோறும் ஒத்திருப்பதில்லை. இளம்பூரணர் ஒன்றாகக் கொண்டதை மற்றோர் உரையாசிரியர் இரண்டாகப் பகுத்திருத்தல் உண்டு. ஆதலால் நூற்பா எண்ணை மட்டும் தருவது போதாது; எவருடைய உரை என்பதையும் கூற வேண்டும். 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் பல ஏடுகளை ஒப்புநோக்கிய முறையையும் நாம் அறிவோம். மூலம் எது, வேறுபாடு எங்கே என்று குறித்துவைப்பதே பதிப்பாசிரியரின் நேர்மை.

கணினித் தமிழிலும் இவ்வேறுபாட்டை மலேசியத் தமிழர் நன்கு அறிவர். முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளை உருவாக்கிய காலம் தொட்டு, ஒருங்குறி பரவும் வரையில், பல குறியாக்க முறைகள் ஒரே நேரத்தில் வழங்கின. 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டின் தொடர்பில் டாம், டாப் என்னும் குறியாக்கங்கள் வரையறுக்கப்பட்டன. டிஸ்கி முறையும் வழக்கில் இருந்தது. அக்காலக் கோப்புகளை இன்று திறப்பவர் பொருளற்ற குறிகளையே காண்பர். கோப்பு கெடவில்லை, அது எந்த முறையில் எழுதப்பட்டது என்னும் குறிப்பே காணாமற் போயிற்று. குறிப்பு கிடைத்தால் கோப்பை மீட்டுவிடலாம். நிரல்களின் பதிப்புக் குறிப்பும் இவ்வாறே இன்றியமையாதது.

4. ஒரு கணினி, இரு பணிகள்

ஓர் ஆசிரியரின் மடிக்கணினியில் இரு பணிகள் இருப்பதாகக் கொள்வோம். ஒன்று, சில ஆண்டுகளுக்கு முன் அமைக்கப்பட்ட பள்ளி இணையத்தளம். அது ரெயில்ஸ் 4.2 பதிப்பையும் ரூபி 2.3 பதிப்பையும் சார்ந்தது. ரெயில்ஸ் என்பது டேவிட் ஹைனமேயர் ஹான்சன் 2004இல் வெளியிட்ட சட்டகம். இணையத்தளங்களுக்கு வேண்டிய எலும்புக்கூட்டை அது தருகிறது. மற்றொன்று, மாணவர்கள் புதிதாகத் தொடங்கும் சொற்றொகுப்புத் தளம். இதற்கு ரெயில்ஸ் 7.0 தேவைப்படுகிறது. அது ரூபி 2.7 அல்லது அதற்கு மேற்பட்ட பதிப்பில் மட்டுமே இயங்கும்.

ரூபி 3.1 பதிப்பைக் கணினி முழுமைக்கும் நிறுவினால் பழைய தளம் நின்றுவிடும். 2.3 பதிப்பை வைத்துக்கொண்டால் புதிய பணி தொடங்காது. இதற்காக இரு கணினிகள் வாங்க வேண்டியதில்லை. பதிப்பைக் கணினிக்கு உரியதாகக் கருதாமல் பணிக்கு உரியதாகக் கருதுவதே தீர்வு. அதனை இரண்டு அடுக்குகளில் செய்ய வேண்டும்.

5. முதல் அடுக்கு: மொழியின் பதிப்பு

ரூபியின் பல பதிப்புகளை ஒரே கணினியில் அருகருகே வைத்து ஆள்வதற்குக் கருவிகள் உள்ளன. அவற்றுள் ஆர்விஎம் 2009இலும் ஆர்பிஎன்வி 2011இலும் தோன்றின. பிற்கூறியது இயங்கும் முறை எளிது. ‘ரூபி’ என்னும் கட்டளை தரப்படும்போது அக்கருவி இடையில் நின்று, நாம் இருக்கும் கோப்புறையில் ‘ரூபி-வெர்ஷன்’ என்னும் சிறு கோப்பு உள்ளதா என்று பார்க்கும். இல்லையேல் அதற்கு மேலுள்ள கோப்புறைகளில் தேடும். எங்கும் இல்லையாயின் பொதுவாக வகுக்கப்பட்ட பதிப்பைக் கொள்ளும். அச்சிறு கோப்பில் இருப்பது ஒரு வரியே: பதிப்பு எண். பள்ளித் தளத்தின் கோப்புறையில் 2.3 வரிசைப் பதிப்பும், சொற்றொகுப்பின் கோப்புறையில் 3.1 வரிசைப் பதிப்பும் குறிக்கப்பட்டால் இரு பணிகளும் ஒன்றையொன்று தடுப்பதில்லை.

6. இரண்டாம் அடுக்கு: நூலகங்களின் பதிப்பு

ரூபியில் பிறர் எழுதிய நிரல் நூலகங்களை ‘ஜெம்’ என்பர். ஒரே ஜெம்மின் பல பதிப்புகளும் கணினியில் ஒருங்கே இருக்கலாம். எந்தப் பணி எதனை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதைப் பண்ட்லர் என்னும் கருவி தீர்மானிக்கிறது. அதற்கு இரு கோப்புகள் உண்டு.

முதலாவது ஜெம்ஃபைல். இது நாம் எழுதுவது. நமக்கு வேண்டிய நூலகங்களையும் ஏற்கத்தக்க பதிப்பு எல்லையையும் கூறும். இரண்டாவது ஜெம்ஃபைல்-லாக் என்னும் பூட்டுக் கோப்பு. இது பண்ட்லர் எழுதுவது. நாம் கேட்ட நூலகங்களும், அவை சார்ந்துள்ள பிற நூலகங்களும் துல்லியமாக எந்தப் பதிப்பில் தேர்ந்தெடுக்கப்பட்டன என்பதை இது பதியும்.

தோட்ட வாழ்வை அறிந்தோர்க்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும். ‘இந்தக் காட்டுக்கு இருபது பேர் வேண்டும்’ என்பது தேவை. அன்று காலை பெரட்டில் யார் யார் வந்து எந்த நிரைக்குச் சென்றனர் என்று கிராணியார் எழுதும் செக்ரோல் பதிவு. சம்பளம் பதிவை வைத்தே கணக்கிடப்படும். தேவையை வைத்து அன்று. அதுபோலவே, நிரலை மற்றொரு கணினியில் அதே நிலையில் எழுப்புவதற்குப் பூட்டுக் கோப்பே உதவும். எனவே ஒரு தொகுப்பை நண்பருக்கோ நூலகத்திற்கோ அளிக்கும்போது இரு கோப்புகளையும் சேர்த்தே அளிக்க வேண்டும். நிரலை இயக்கும்போது ‘பண்டில் எக்ஸெக்’ என்னும் கட்டளையை முன்னே இட்டால், பூட்டுக் கோப்பிலுள்ள பதிப்புகள் மட்டுமே பயன்படும்.

7. எண்களைப் படிக்கும் முறை

பதிப்பு எண் பெரும்பாலும் மூன்று பகுதிகளைக் கொண்டது. 7.0.4 என்பதில் முதல் எண் பெருமாற்றத்தையும், இரண்டாவது புதிய வசதிகளையும், மூன்றாவது பிழைத்திருத்தங்களையும் குறிக்கும் என்பது பொதுவழக்கு. இது நன்னோக்குடைய மரபேயன்றி உறுதிமொழியன்று. எல்லா நூலகங்களும் இதனைக் கடைப்பிடிப்பதில்லை.

ஜெம்ஃபைலில் ‘~> 7.0.4’ என்று எழுதினால், 7.0.4 முதல் 7.0 வரிசையின் எல்லாத் திருத்தங்களையும் ஏற்கலாம், 7.1 கூடாது என்று பொருள். ‘~> 7.0’ என்று எழுதினால் 7.1, 7.2 ஆகியனவும் ஏற்கப்படும், 8 ஏற்கப்படாது. ஓர் எண்ணை விடுவதால் எல்லை இவ்வளவு விரிகிறது. மாணவர்கள் இதனைக் கருத்தில் கொள்க.

8. பூட்டிவைத்தல் மட்டும் போதுமா?

போதாது. ஒவ்வொரு பதிப்புக்கும் ஆதரவுக் காலம் உண்டு. ரூபி 2.3 பதிப்பின் ஆதரவு 2019 மார்ச்சில் முடிந்தது. அதன்பின் கண்டறியப்படும் பாதுகாப்புக் குறைகளுக்குத் திருத்தம் வராது. பிள்ளைகளின் பெயர்களும் விவரங்களும் உள்ள பள்ளித் தளத்தை அத்தகைய பதிப்பிலேயே இணையத்தில் விட்டுவைப்பது தகாது. முன்னர்க் கூறிய எடுத்துக்காட்டில், பழைய பதிப்பை அருகில் வைத்துக்கொள்வது இடைக்கால ஏற்பாடே; தளத்தைப் படிப்படியாக உயர்த்துவதே முடிவான செயல்.

உயர்த்தும்போது அனைத்தையும் ஒருசேர மாற்றலாகாது. நூலகங்களை ஒவ்வொன்றாகப் புதுப்பித்து, ஒவ்வொரு முறையும் சோதித்தல் வேண்டும். சோதிப்பதற்கு மொழியறிந்தோரின் துணை தேவை. விடை முன்னரே தெரிந்த ஒரு சிறு பட்டியலை வைத்துக்கொள்ளலாம்: கூலிம் 3, லூனாஸ் 3, பீடோங் 3, பட்டாணி 4. அத்துடன் இரு வகையாகக் குறியேற்றப்பட்ட ‘கோலா’வையும், ஜகரம், றகரம், னகரம் வரும் சொற்களின் சரியான வரிசையையும் சேர்க்கலாம். ‘க்ஷ’ என்பதை ஓரெழுத்தாகக் கொள்வதா இரண்டாகக் கொள்வதா என்பதையும் முன்னரே முடிவு செய்தல் நன்று. ரூபி அதனை க், ஷ என இரண்டாகவே பிரிக்கும். பதிப்பு மாறிய பின்னும் இப்பட்டியலின் விடைகள் மாறாதிருந்தால் தொகுப்பை நம்பலாம். மாறினால், எந்தப் படியில் மாறிற்று என்பது உடனே புலப்படும். இப்பட்டியலை அமைக்கும் தகுதி நிரலாளரைவிடத் தமிழாசிரியர்க்கே மிகுதியாக உண்டு.

9. செய்ய வேண்டியன

சொற்றொகுப்புப் பணியில் ஈடுபடுவோர் ஒவ்வொரு தொகுப்போடும் ஒரு பக்கப் பதிப்புரையை இணைக்குமாறு வேண்டுகிறோம். சொற்கள் எந்தத் தோட்டத்தில், எந்த ஆண்டில் திரட்டப்பட்டன என்பதோடு, குறியாக்கம் எது, ரூபியின் பதிப்பு எது, எழுத்து எண்ணப்பட்ட முறை எது, சோதனைப் பட்டியல் எது என்பனவும் அதில் இடம்பெறல் வேண்டும். ஜெம்ஃபைலும் பூட்டுக் கோப்பும் ரூபி-வெர்ஷன் கோப்பும் உடன் இருத்தல் வேண்டும். சொற்களின் பட்டியலை நிரலின் துணையின்றியும் படிக்கத்தக்க எளிய ஒருங்குறி உரைக்கோப்பாக ஒரு படி எடுத்து வைத்தலும் நன்று.

இவற்றைச் செய்வதற்கு ஒரு மாலைப்பொழுது போதும். ‘பெரட்டு’ என்றால் என்ன என்று கேட்கும் ஒரு மாணவர் பின்னாளில் இத்தொகுப்பைத் திறக்கும்போது, சொல்லும் பொருளும் எண்ணிக்கையும் நாம் வைத்தவாறே அவருக்குக் கிடைத்தல் வேண்டும்.