தந்தி போனது ஓர் ஊருக்கு. பாலம் விழுந்தது இன்னோர் ஊரில்!

உலகத்திலேயே மிக நீளமான ‘கேண்டிலீவர்’ பாலம் எது தெரியுமா? கனடா நாட்டில் செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் மேல் நிற்கும் கியூபெக் ரெயில் பாலம்தான். இரண்டு பெரிய தூண்களுக்கு நடுவே 1,800 அடி இடைவெளி. அதில் வேறு தூணே கிடையாது!

1917-ல் கட்டி முடிந்த இந்த இரும்புப் பாலத்தில் இன்றைக்கும் ரெயில் ஓடுகிறது. ஆனால் அதற்கு முன் இரண்டு தடவை அது ஆற்றில் விழுந்தது. 88 பேர் உயிர் போனது.

பழைய கணக்கு

முதலில் 1,600 அடி என்றுதான் திட்டம். 1900-ம் ஆண்டில் ஆலோசனை என்ஜினீயர் தியோடர் கூப்பர் அதை 1,800 அடியாக நீட்டினார்.

பாலம் நீண்டால் இரும்பு கூடும், எடையும் ஏறும். அந்தப் புது எடையைச் சரியாகக் கணக்குப் போடவில்லை. 1906-ல் தப்பு தெரிந்தது. அதற்குள் இரும்பு வேலை நிறைய நடந்துவிட்டது. ‘தாங்கிக்கொள்ளும்’ என்று விட்டுவிட்டார்கள்!

வளைந்த இரும்பு

1907 ஆகஸ்டில், பாரம் தாங்கும் கீழ்ச் சட்டங்கள் வளையத் தொடங்கின. ஒரு சட்டம் 2 அங்குலத்துக்கு மேல் வளைந்துவிட்டது. ‘வரும்போதே அப்படித்தான் வந்தது’ என்று சிலர் சாதித்தார்கள்.

பதறிப்போன மேற்பார்வை என்ஜினீயர், நியூயார்க்கில் இருந்த கூப்பரைத் தேடி ஓடினார். ஆகஸ்டு 29-ந் தேதி கூப்பர் தந்தி கொடுத்தார். ‘மேற்கொண்டு பாரம் ஏற்றாதீர்கள்’ என்பதுதான் சேதி.

ஆனால் தந்தி போனது பென்சில்வேனியாவில் இருந்த கம்பெனிக்கு. பாலம் இருந்ததோ கியூபெக்கில். அங்கே வேலை நிற்கவில்லை.

75 பேர் சாவு

அன்று மாலை 5.37 மணி. வேலை முடியும் நேரம். 86 பேர் பாலத்தின் மேல் நின்றார்கள். திடீரென்று கீழ்ச் சட்டம் நொறுங்கியது. கண் மூடித் திறப்பதற்குள் 19 ஆயிரம் டன் இரும்பு சரிந்தது. 75 பேர் பரிதாபமாக இறந்தார்கள். அவர்களில் 33 பேர் மொஹாக் பழங்குடியினர்.

1916-ல் மறுபடி சோதனை! நடுப்பகுதியைத் தூக்கி ஏற்றும்போது அது ஆற்றில் விழுந்து 13 பேர் பலியானார்கள். அடுத்த வருடம்தான் பாலம் ஒருவழியாக இணைந்தது.

1907 விபத்தை விசாரித்த அரசாங்கக் கமிஷன், ‘இரும்பு மட்டமில்லை, கணக்குதான் தப்பு’ என்ற முடிவுக்கு வந்தது.

வீட்டுக்கு இன்னொரு மாடி எழுப்பப் போகிறீர்களா? அஸ்திவாரக் கணக்கைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். பழைய கணக்கு பழைய வீட்டுக்குத்தான்!